சான்றை மாணவர் சொந்தமாக எழுதினால் தவறா? திருப்புதல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. முதல் திருப்புதல் தேர்வின் விடைத்தாள்கள் இந்த வாரம் எங்கள் கைக்குத் திரும்பி வந்தன. தாள்களைப் பள்ளி மாற்றித் திருத்துவதும், எல்லோருக்கும் ஒரே விடைக்குறிப்பு அனுப்புவதும் தங்கள் ஏற்பாடுதான். அதனால் பின்னணியை விளக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தற்குறிப்பேற்ற அணியைச் சான்றுடன் விளக்கச் சொல்லி ஒரு வினா வந்திருந்தது. என் மாணவி ஒருத்தி இலக்கணத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறாள். இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று. சான்றாக மட்டும் பாடநூலில் உள்ள சிலப்பதிகார அடிகளை அவள் எழுதவில்லை. அதற்குப் பதில் எழுதியிருப்பது இது: "நிறுத்தாமல் போன பேருந்தின் பின்னால் எழுந்த புழுதி, இன்றைக்குப் பள்ளிக்குப் போக வேண்டாம், வீட்டுக்கே திரும்புங்கள் என்று எங்களைப் பார்த்துக் கை அசைத்தது." அதோடு விடவும் இல்லை. வண்டி வேகமாகப் போனால் மண் சாலையில் புழுதி எழுவது இயல்பு, அது தங்களைத் திருப்பி அனுப்பக் கை அசைப்பதாகச் சொன்னது தன் குறிப்பு என்று பொருத்தியும் காட்டியிருக்கிறாள்.

சான்றுக்கும் பொருத்தத்துக்கும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில் "சான்று தவறு" என்று எழுதியிருந்தது.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் "வாரல்", அதாவது வராதீர்கள், என்று கை காட்டி மறித்தன என்கிறார் இளங்கோவடிகள். காற்றில் கொடி அசைவது இயல்பு. வரப்போகும் துயரம் தெரிந்து அது தடுக்கிறது என்பது கவியின் குறிப்பு. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அந்த அடிகளை உள்வாங்கி, தன் ஊர்ச் சாலையில் தினமும் தான் படும் பாட்டின் மேல் அதே அணியைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். அணி இலக்கணம் புரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைத்தான் தவறு என்று திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

திருத்திய ஆசிரியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் பேசினேன். "புள்ள நல்லாத்தான் எழுதியிருக்கு டீச்சர். ஆனா கீ-யில அந்த ரெண்டு அடிதானே இருக்கு. மார்க் போட்டுட்டு நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். அவர் சொன்னது நியாயம். விடைக்குறிப்பில் பாடநூல் சான்று ஒன்றைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது மதிப்பெண் அல்ல. தாளை வாங்கிப் பார்த்ததும் அந்தப் பெண் அழவில்லை, வாதாடவும் இல்லை. "சரி டீச்சர், அடுத்த தேர்வுக்குப் பாட்டையே மனப்பாடம் பண்ணிடுறேன்" என்றாள். நாளெல்லாம் என்னை அரித்தது அந்தச் "சரி"தான். அவள் அதைச் சொல்லும்போது வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள், ஒரே சொல் பல இடத்துச் சொற்களோடு சேர்ந்து பொருள் தரும் தீவக அணியை நடத்திவிட்டு, சொந்தமாக ஒரு தொடர் சொல்லுங்கள் என்று கேட்டேன். வழக்கமாக முந்திரிக்கொட்டை போலக் குதிக்கும் பையன்கள் கூட, "புக்குல இருக்குறது போதும் டீச்சர்" என்று ஒதுங்கினார்கள். வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கவே ஆள் இல்லாத பிள்ளைகளை, வருடம் முழுக்க முயன்று வாய் திறக்க வைத்திருந்தேன்.

அதனால் தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: "மாணவர் தரும் பொருத்தமான பிற சான்றுகளுக்கும் முழு மதிப்பெண் வழங்கலாம்." அரசாணை தேவையில்லை, நிதி தேவையில்லை. ஒரு வரி போதும்.

ஆளாளுக்கு ஒன்றை எழுதினால் ஒரே சீராகத் திருத்த முடியாது என்று தாங்கள் சொல்லக்கூடும். ஆனால் அணியில் பார்க்க வேண்டியது குறைவுதான். நிகழ்ச்சி இயல்பானதா, அதன் மேல் குறிப்பு ஏற்றப்பட்டிருக்கிறதா, மாணவர் அதைப் பொருத்திக் காட்டியிருக்கிறாரா? தமிழ் படித்துவிட்டு வந்த எந்த ஆசிரியரும் இதை நொடியில் சொல்லிவிடுவார். எங்களை அந்த அளவுக்காவது நம்பலாமே. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் இலக்கணம் விளக்கச் செய்யுளை மட்டுமா எடுத்துக்கொண்டார்கள்? சாத்தனையும் கொற்றனையும் வரவும் போகவும் வைத்து, தங்களைச் சுற்றி நடந்த பேச்சிலிருந்தே சான்று காட்டினார்கள். உரையாசிரியர்களுக்கு இருந்த அந்த உரிமையைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன்.

பிள்ளைகளால் முடியாது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் திணறும் மாணவர்கள் கூட, செய்யுளை அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்லும் அலகிடுதலில் நன்றாக வருகிறார்கள். நேர், நிரை என்று அசை பிரிக்க நாங்கள் முதலில் வருகைப் பதிவேட்டைத்தான் எடுப்போம். செல்வி தேமா, முருகன் புளிமா, பூங்கொடி கூவிளம். தங்கள் பெயருக்கு ஒரு வாய்பாடு உண்டு என்று தெரிந்ததும் வகுப்பே கைதட்டி அசை பிரிக்கும். அப்புறம் எந்தக் குறளைக் கொடுத்தாலும், கடைசிச் சீரின் வாய்பாடு நாளா மலரா காசா பிறப்பா என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். காலம் மறைந்து வரும் வினைத்தொகைக்குச் சத்துணவுக் கூடத்திலிருந்து சுடுசோறும் ஊறுகாயும் வந்தன. விடை வகை நடத்தும்போது, "வீட்டுப்பாடம் எழுதலையா?" என்றேன். "கை வலிக்குது டீச்சர்" என்றான் ஒருவன். நேர்ந்ததைச் சொல்வதால் உற்றது உரைத்தல் என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "எழுதினா கை வலிக்கும்" என்றால், இனி நேரப்போவதைச் சொல்வதால் உறுவது கூறல் என்று இன்னொருத்தி சேர்த்துக்கொண்டாள். கலைச்சொல் இப்படித்தான் மனதில் நிற்கும்.

ஆனால் திருப்புதல் காலம் தொடங்கியதும் இதெல்லாம் நின்றுவிடுகிறது. மெல்லக் கற்போருக்கு என்று ஒரு கையேடு வருகிறது. ஆறு தொகைநிலைத் தொடர், ஒன்பது தொகாநிலைத் தொடர், பன்னிரண்டு புறத்திணை, எட்டு விடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ஒரே ஒரு சான்று. காலைச் சிறப்பு வகுப்பிலும் மாலைச் சிறப்பு வகுப்பிலும் அதையே ஒப்பிக்க வேண்டும். வெட்சி என்றால் நிரை கவர்தல் என்று சொல்லும் பையனுக்கு, நிரை என்றால் மாட்டுக் கூட்டம் என்பது தெரியாது. அவன் வீட்டிலேயே மாடு இருக்கிறது. சொந்தச் சான்று தேட வைத்திருந்தால் அது முதலிலேயே வெளிப்பட்டிருக்கும். கையேட்டிலும் இதே ஒரு வரியைச் சேர்க்கலாம்.

இதோடு இன்னும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஜனவரி வந்ததும் தமிழ்ப் பாடவேளைதான் கணக்குக்கும் அறிவியலுக்கும் போகிறது, தமிழில்தான் எல்லோரும் தேறிவிடுவார்களே என்கிறார்கள். மிச்ச நேரத்தில் பாதி, விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவதில் கரைகிறது. அந்தப் பேருந்து இன்றும் எங்கள் நிறுத்தத்தில் பல நாள் நிற்பதில்லை. மனு கொடுத்தாயிற்று. இவை தங்கள் கையில் இல்லை, தெரியும். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடைக்குறிப்பு தங்கள் கையில்தான் இருக்கிறது.

இரண்டாம் திருப்புதல் தேர்வின் விடைக்குறிப்பு இன்னும் பள்ளிகளுக்கு வரவில்லை. பொருத்தமான பிற சான்றுகளுக்கும் மதிப்பெண் என்ற வரியை அதிலேயே சேர்த்து அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் தேர்வில் இதே காரணத்தால் மதிப்பெண் இழந்தவர்களின் தாள்களை அந்தந்தப் பள்ளியே மறுபடி பார்க்க அனுமதி தந்தால் இன்னும் நன்றி உடையவளாக இருப்பேன். என் மாணவியின் விடைத்தாளை நகலெடுத்து, பெயரை மறைத்து, தலைமையாசிரியர் வழியாகத் தங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியை