நாலு அறைக்கும் ஒரே பாட்டு

டேய் மச்சான்,

சுகமா இரிக்கியா, தங்கச்சி, புள்ளையள் எல்லாம் எப்பிடி? உன்ட மெசேஜுக்கு உடன பதில் போடல்ல எண்டு கோவிச்சிருப்பாய். போன்ல பெருவிரலால தட்டி எழுதி முடியிற கதை இல்ல இது, அதான் சின்னவன்ட லப்டொப்ப வாங்கி விறாந்தையில ஆறுதலா இருந்து எழுதுறன். பெரும்போக வெட்டு முடிஞ்சி நெல்லு வித்த காசில கடனக் குடுத்தாச்சி, என்ட முழங்கால் அப்பிடியேதான், அம்மாக்கு மாசியோட எண்பத்தாறு. காரைதீவுப் புதினம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பாட்டுப்பெட்டிக் கதை.

நீ கேட்டியே, கோயில் வைகாசிச் சடங்குக்கு வந்து வீட்டத் திருத்தக்குள்ள எல்லா அறைக்கும் ஸ்பீக்கர் போடப் போறன், லண்டன் வீட்டில மாதிரி போன்ல தட்டினா குசினியிலயும் மேல்மாடியிலயும் ஒண்டாப் படிக்கும், இஞ்ச என்ன செய்யலாம் எண்டு. போடு மச்சான், வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா நான் ரெண்டு மாசமாப் பட்ட பாட்டக் கேட்டுட்டுப் போடு.

இது தொடங்கினது அம்மாவால. காலையில ஹோல்ல நீ அனுப்பின அம்ப்ல, அதான் ஸ்பீக்கருக்குச் சத்தத்தக் கூட்டிக் குடுக்கிற பெட்டியில, பக்திப் பாட்டுப் போடுவன், அவ பின்னறையில இருந்து "மனே, கேக்குதில்ல, கூட்டி விடு" எண்டுவா, கூட்டினா குசினியில இருந்து மனிசி "இஞ்ச மனிசர் இரிக்கமா இல்லையா" எண்டு கத்துவா, குறைச்சா மறுகா அம்மா. ஒரு நாளைக்கு எத்தினை தரம் எழும்பி அந்தக் குமிழத் திருகுற? இந்த முழங்காலோட? அப்பதான் யோசிச்சன், ஹோல், குசினி, அம்மாட அறை, விறாந்தை, நாலு இடத்திலயும் பாட்டு அளவா மெதுவாப் போனா ஒருத்தரும் கத்தத் தேவையில்ல எண்டு.

சின்னவன் ஒரு நிமிசத்தில முடிச்சான். அவனிட்ட ஒரு புளூடூத் ஸ்பீக்கர், அக்காவிட்ட ஒண்டு. ரெண்டும் ரெண்டு கொம்பனி. என்ட போன் ஒண்டோடதான் சேரும், ரெண்டாவதோட சேர மாட்டன் எண்டிச்சி, அவன் போனுக்கு என்னவோ ஒரு ஆப்ப இறக்கி ரெண்டையும் ஒருமாதிரிச் சேர்த்தான். சேர்த்தா, குசினி ஒரு வரி முன்னுக்குப் போகுது, ஹோல் பின்னால வருது, பஜனையில ஐயர் பாட பின்பாட்டுக்காரர் இழுத்துக்கொண்டு வாற மாதிரி. நடுவில நிண்டா தலை சுத்தும்.

ஏன் அப்பிடி எண்டு தேடிப் பாத்தன். சத்தம் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 340 மீற்றர் போகும், அப்ப 10 மீற்றர் தள்ளி இரிக்கிற ஸ்பீக்கர்ட சத்தம் ஏறத்தாழ 30 மில்லிசெக்கன் பிந்தித்தான் காதுக்கு வரும், அந்தளவு பிந்தினத நம்மட காது பெரிசா எடுக்காது, ஒரே சத்தம் எண்டுதான் நினைக்கும். புளூடூத்தில பாட்ட நெருக்கி அனுப்பி அங்க விரிச்சிப் படிக்கிறதுக்குள்ள 150, 200 மில்லிசெக்கன் போயிரும், அதுவும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு அளவு. பிறகெப்பிடிச் சேரும்? உன்ட வீட்டில இரிக்கிற வைபை சாமான்ல அந்தப் பிரச்சினை வராததுக்குக் காரணம், பாட்டின்ட ஒவ்வொரு துண்டுக்கும் "இத இத்தினை மணிக்குப் படி" எண்டு நேரம் குத்தித்தான் அனுப்புறானுகள், எல்லாப் பெட்டியும் ஒரே மணிக்கூட்டப் பாத்துக் காத்திருந்து படிக்குது. சொனோஸ் எண்ட ஸ்பீக்கர் கொம்பனிக்காரன் 2005லயே அப்பிடி ஒண்ட வித்திரிக்கான், நாம இஞ்ச அந்த வருசம் சுனாமிக் கூடாரத்துக்குத் தகரம் தேடிக்கொண்டு திரிஞ்சம்.

உங்கட அப்பாட வால்வ் றேடியோ நினைவிரிக்கா, சுவிச்சப் போட்டா சூடாகிக் குரல் வர ஒரு நிமிசம் எடுக்கும். ஒழுங்கை முழுக்க எல்லா வீட்டிலயும் இலங்கை வானொலிதான், உங்கட வீட்டில இருந்து கடற்கரை வரைக்கும் நடந்தா ஒரு வரி தவறாது. ஒருத்தரும் வயர் இழுக்கல்ல, நேரம் குத்தல்ல, எல்லாப் பெட்டிக்கும் ஒரே அலை ஒரே நேரத்தில வந்திச்சி. இப்ப ஒரு வீட்டுக்குள்ள அதச் செய்யப் படுறபாடு!

சரி, புளூடூத்தக் கைவிட்டு வயருக்கு வந்தன். உன்ட அம்ப்ட பின்பக்கம் ஸ்பீக்கர் ஏ, ஸ்பீக்கர் பீ எண்டு ரெண்டு சோடி இரிக்கில்லா. ஏயில ஹோல் ஸ்பீக்கர் ரெண்டும். பீயில இடப்பக்கம் குசினியும் அம்மாட அறையும், வலப்பக்கம் விறாந்தை. எல்லாம் பழைய செட்டுகளில கழட்டின 8 ஓம் ஸ்பீக்கர், ஓம் எண்டது கறண்டத் தடுக்கிற அளவு. சீலிங்குக்கு மேல சின்னவன் தவண்டு தவண்டு வயர் இழுத்தான், அணில் கூடு ரெண்டு, செத்த பல்லி ஒண்டு, எங்கட கலியாண வீட்டு வெத்திலைத் தட்டம் ஒண்டு எல்லாம் கீழ வந்திச்சி. போட்டா, ஆஹா! நாலு அறையும் படிக்குது. மனிசி மட்டும் கரண்டியோட வந்து நிண்டு "இந்தப் பாட்டில புல்லாங்குழல் ஒண்டு வருமே, எங்க அது?" எண்டு கேட்டா. அது விறாந்தையில படிச்சிட்டிருந்திச்சி. எண்பதுகளின்ட பாட்டில அப்பிடித்தான், குரல நடுவில விட்டு ஒரு வாத்தியத்த இடப்பக்கமும் ஒண்ட வலப்பக்கமும் பிரிச்சி வெச்சிருப்பானுகள், ஒரு அறைக்கு ஒரு ஸ்பீக்கர் எண்டா பாதிப் பாட்டுத்தான் வரும். சரி போகட்டும் எண்டு விட்டன்.

மூண்டாம் நாள் பின்னேரம் கொஞ்சம் கூட்டி வெச்சன், டக் எண்டு ஒரு சத்தம், சிவப்பு லைட் மினுங்குது, பாட்டு இல்ல. அம்ப்ட மேல கைய வெச்சா தோசைக்கல்லு. உன்ட அம்ப எரிச்சிட்டன் எண்டு எனக்கு வயிறு கலங்கிட்டு, உனக்குச் சொல்லாம விட்டதும் அதாலதான்.

கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுற பெரியவரத் தெரியுமில்லா, நாம ஓ எல் படிக்கக்குள்ள தென்னையில ஏறி ஹோர்ன் கட்டினவர், இப்ப மகன்தான் ஏறுற, இவர் கீழ நிண்டு ஏசுறது மட்டும். அவரக் கூட்டிவந்தன். அம்பத் தொடவேயில்ல, பின்பக்கத்தக் குனிஞ்சி பாத்துட்டு "தம்பி, நீ வயல் செய்றவன்தானே" எண்டார். ஓம் எண்டன். "ஒரு மதகில ஒரு வாய்க்கால் வெட்டினா தண்ணி அளவாப் போகும், அதே மதகில மூண்டு வாய்க்கால் வெட்டினா என்ன நடக்கும்?" வரம்பு உடைக்கும் எண்டன். "அதத்தான் செய்திரிக்காய். ஒரு எட்டு ஓம், இன்னொரு எட்டு ஓம் பக்கத்தில சேர்த்தா நாலு ஓம், மூண்டாவதையும் சேர்த்தா ரெண்டே முக்காலும் இல்ல. தடை குறையக் குறைய கறண்ட் கூடக் கூட ஓடும், அம்ப் சூடாகும். நல்ல சாமானானபடியா தன்னத்தானே நிப்பாட்டிக் காப்பாத்திக்கொண்டிச்சி." அம்ப்ட பின்னால அது எழுதியும் கிடக்கு, ஏயும் பீயும் சேர்த்துப் போட்டா ஒவ்வொண்டும் 8 ஓமுக்குக் குறையக்கூடாது எண்டு. நான் கண்ணாடி போடாமப் பூட்டினனான்.

உள்ளுக்கு இருந்து அம்மா கேக்கா, "என்ன மனே எட்டு ஓம் நாலு ஓம் எண்டு, பூசையா நடக்கு?" எண்டு. பெரியவர் சிரிச்சி முடிய அஞ்சு நிமிசம்.

பிறகு வயரப் பாத்தார். மடியில இருந்து பேனாக்கத்திய எடுத்து நுனியச் சுரண்டினார், மேல செம்பு நிறம், ரெண்டாம் சுரண்டலில உள்ளுக்கு வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சி. கல்முனையில ஒரு கடையில அசல் செம்பு எண்டு சத்தியம் பண்ணித் தந்த வயர் அது. அதுவும் ஊசி மாதிரி மெல்லிசு. அர மில்லிமீற்றர்ச் சதுரச் செம்பு எண்டாலே 20 மீற்றர் தூரத்துக்குப் போக வர 40 மீற்றர், வயரே கிட்டத்தட்ட 1.4 ஓம் தின்னும், அலுமினியம் அதவிடக் கூட. ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது சீலிங்குக்குள்ளேயே செத்துரும். ஹோலுக்கு ஒண்டரச் சதுரத்தில அசல் செம்பு வாங்கு எண்டார், நீயும் அதுக்குக் குறைய வாங்காத, வாங்கக்குள்ள கத்தியக் கொண்டு போ.

மறுகா அவர் சொன்னதுதான் மச்சான் விசயம். "நாங்க கோயில்ல இருந்து சந்தி வரைக்கும் பத்து ஹோர்ன் கட்டுறம், மெல்லிய வயர்தான், அம்ப் எரியிறதில்லையே, ஏன்?" நான் முழிச்சன். தெருவில போற கறண்டக் காட்டினார். அங்க 33,000 வோல்ட்டில வந்து, ட்ரான்ஸ்போமர்ல இறங்கி, வீட்டுக்கு 230 ஆ வருது, தூரம் போற கறண்ட வோல்ட்டக் கூட்டித்தான் அனுப்புற, அம்பியர் குறையும், வயர் தாங்கும். கோயில் அம்ப்லயும் அதுதான். 100 வோல்ட் லைன் எண்டு ஒரு வாசல் இரிக்கு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்குப் பின்னாலயும் நெருப்புப்பெட்டியவிடக் கொஞ்சம் பெரிய ட்ரான்ஸ்போமர் ஒண்டு. 60 வாட்ட 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேர குடுத்தா 2.7 அம்பியர் போகும், 100 வோல்ட்டில குடுத்தா 0.6 தான். அந்தக் குட்டி ட்ரான்ஸ்போமர்ல 3 வாட், 6 வாட், 10 வாட் எண்டு கம்பி கம்பியா வெளிய வரும், அறைக்கு எது போதுமோ அதில கொழுவுற, எல்லாத்தையும் கூட்டினா அம்ப்ட வாட்டுக்குள்ள நிண்டாச் சரி. ஓம் கணக்கே தேவையில்ல, கடையில பில் கூட்டத் தெரிஞ்சாப் போதும். எத்தினை வருசமா அந்த வயருக்குக் கீழால கோயில் கதவு திறத்தலுக்கும் குளிர்த்திச் சடங்குக்கும் போய் வந்திரிக்கம், ஒரு நாளும் அண்ணாந்து பாக்கல்ல பாத்தியா.

அப்பிடித்தான் இப்ப செய்திரிக்கு. ஹோல்ல உன்ட அம்ப், ரெண்டு ஸ்பீக்கர், ஸ்ரீரியோ, அதுல கை வைக்கல்ல. அதுன்ட பின்னால கசற் றெக்கோட் பண்ண ஒரு அவுட் இரிக்கே, அதில இருந்து பெரியவர்ட பழைய 60 வாட் அம்புக்கு ஒரு வயர். அந்த அவுட்டுக்கு முன்பக்கக் குமிழோட சம்பந்தமில்ல, ஹோல்ல பாட்டக் கூட்டினாலும் குறைச்சாலும் உள்ளுக்கு அதே அளவுதான் போகும். இடமும் வலமும் அந்த அம்புக்குள்ள ஒண்டாக் கலந்துரும், மனிசிக்குப் புல்லாங்குழல் திரும்பி வந்திட்டு. அம்மாக்கு 3, குசினிக்கு 6, விறாந்தைக்கு 10, மொத்தம் 19 வாட். ஒவ்வொரு அறையிலயும் சுவரில ஒரு குமிழ். பாஸ், அதான் அடிச்சத்தம், கொஞ்சம் குறைவு, குட்டி ட்ரான்ஸ்போமர் அதத் தாங்காது, தாளிக்கிற சத்தத்துக்குள்ள ஆருக்கு பாஸ் கேக்கப் போகுது. ஒண்டு மட்டும் கவனம், அந்த லைன்ல வெறுங்கை வைக்காத, பாட்டுத்தானே எண்டு நினைப்பாய், நல்லா உதறும். எனக்குத் தெரியும்.

ஹோல் ஸ்பீக்கரையும் போகக்குள்ள திருத்திட்டுப் போனார். இவ்வளவு காலமும் அது சூம்பின சத்தம், நான் ஸ்பீக்கர்ட வயசு எண்டு இருந்தன். வயர அம்ப்ல இருந்து கழட்டி, சுவர் மணிக்கூட்டு பற்றறிய எடுத்து நுனியில தொட்டார், ஒரு ஸ்பீக்கர்ட கோன் டக் எண்டு வெளிய வந்திச்சி, மத்ததில தொட்டா டக் எண்டு உள்ளுக்குப் போகுது. ஒண்டு தள்ளக்குள்ள மத்தது இழுத்திரிக்கு, பாஸ் ரெண்டுக்கும் நடுவில செத்திரிக்கு. பிளஸ் மைனஸ மாத்திப் பூட்டினார், தவில் நெஞ்சில வந்து விழுந்திச்சி. மணிக்கூடு மட்டும் பத்து நிமிசம் பிந்திட்டு.

உனக்கு நான் சொல்றது, வைபை சாமான் வேணுமெண்டா லண்டனில இருந்து கொண்டு வா, ஆனா உன்ட வீடு அந்தக் காலத்துத் தடிச்ச கல்லுச் சுவர், றௌட்டர் ஹோல்ல இருந்தா பின்னறைக்குத் தண்ணி வத்தின வாய்க்கால் மாதிரித்தான் வரும். சுவர் உடைச்சிருக்கக்குள்ளேயே ஒவ்வொரு அறைக்கும் ஒரு பைப்ப உள்ளுக்குப் பதிச்சி விடு, இப்ப பாட்டு வயர் போகும், பிறகு இன்டர்நெற் வயர் போகும், அணிலுக்கும் எட்டாது. இடி முழங்கினா பிளக்கக் கழட்டு, சுவிச்ச நிப்பாட்டினாப் போதும் எண்டு இராத. பெரியவர்ட்ட இப்பவே சொல்லி வெக்கன், கதவு திறந்தாப் பிறகு ஆளப் பிடிக்கேலா.

அம்மாட குமிழக் கட்டிலுக்குப் பக்கத்தில, கைக்கு எட்டுற இடத்தில பூட்டினம். முதல் நாள் காலையில நான் பாட்டப் போட்டுட்டு எப்பிடி எண்டு பாக்கப் போறன், பூச்சியத்தில கிடக்கு. "ஏன் அம்மா நிப்பாட்டின?" எண்டன். "குசினியில படிக்கிறது நல்லாக் கேக்குது மனே, இது என்னத்துக்கு" எண்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டா. பின்னேரம் போய்ப் பாத்தா மூண்டில கிடக்கு, நான் ஒண்டும் கேக்கல்ல.

மச்சான், அந்த அம்புக்கு ரிமோட் ஒண்டு இருந்திரிக்கணும், முன்பக்கம் அதுக்குக் கண்ணாடி இரிக்கு. உன்ட லாச்சிக்குள்ள எங்கயும் கிடக்கா எண்டு தங்கச்சியத் தேடச் சொல்லு, கிடந்தா வரக்குள்ள கொண்டு வா. முழங்காலுக்கு.

உன்ட
மச்சான்