நூற்றில் ஒன்று நிகழ்தகவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிக்ஸ் துகளுக்கு (அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் துகள்) அப்பாலுள்ள கோட்பாடுகளைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில், 'ஃபைன் டியூனிங் நூற்றில் ஒன்று என்பதால் சூப்பர்சிமெட்ரி தவறாக இருக்க 99 சதவீத வாய்ப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்னும் கோட்பாடுதான் சூப்பர்சிமெட்ரி. ஒரு கோட்பாட்டின் எண்கள் மிக நுணுக்கமாக ஒத்துப்போக வேண்டியிருப்பது ஃபைன் டியூனிங். அந்த நூற்றில் ஒன்று நிகழ்தகவே அல்ல. அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தாலே இது விளங்கிவிடும்.

சூப்பர்சிமெட்ரியின் எளிய வடிவத்தில் வலுக்குறைந்த அணுக்கருவிசையைக் கடத்தும் இசட் துகளின் நிறை (91.19 ஜிஇவி; துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு இது) ஒரு கழித்தல் கணக்கிலிருந்து வருகிறது. ஹிக்ஸின் ஜோடியான ஹிக்ஸினோவுக்கு நிறை தரும் 'மியு'வின் வர்க்கம் ஒரு பக்கம். சூப்பர்சிமெட்ரி உடைவதால் (ஜோடிகளின் நிறை ஒன்றாக இல்லாமல் போவதால்) ஹிக்ஸ் புலத்துக்கு வரும் எதிர்க்குறி நிறைவர்க்கம் மறுபக்கம். இரண்டாவதன் அளவிலிருந்து முதலாவதைக் கழித்தால் இசட் நிறைவர்க்கத்தில் பாதி, அதாவது 4,158 வர வேண்டும். மியு 1,000 ஜிஇவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கம் 10,00,000. அப்படியானால் மற்ற எண் 10,04,158 ஆக இருந்தே தீர வேண்டும். இப்போது மியுவை மட்டும் 1,000.5 ஆக்கினால் மீதி சுமார் 3,158. இசட் நிறை 79.5 ஜிஇவிக்கு இறங்கிவிடும். 1,005 ஆக்கினால் விடை மைனஸில் போய்விடும்: இசட்டுக்கு நிறை வர உடைய வேண்டிய மின்வலுக்குறை சமச்சீர் (இது சூப்பர்சிமெட்ரி அல்ல, வேறொன்று) உடையாது, இசட்டுக்கு நிறையே கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு எண்கள் ஏன் இவ்வளவு நெருங்கி நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் இதில் எந்தச் சோதனையோடும் முரண்பாடு இல்லை.

இதை ஓர் எண்ணாகச் சொல்ல 1988-ல் இயற்பியலாளர்கள் பார்பியேரியும் ஜியுடிசேயும் பயன்படுத்திய அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: உள்ளீட்டை 1 சதவீதம் மாற்றினால் இசட் நிறைவர்க்கம் எத்தனை சதவீதம் மாறுகிறது? மேலே சொன்ன உதாரணத்தில் மியுவின் வர்க்கத்தை உள்ளீடாகக் கொண்டால் 240. மியுவையே உள்ளீடாகக் கொண்டால் 480. இயற்கையில் எதுவும் மாறவில்லை, எண் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. இதைத் தலைகீழாக்கி '240-ல் ஒன்று' என்று எழுதும்போதுதான் பார்ப்பவர்களுக்கு லாட்டரிச் சீட்டு ஞாபகம் வருகிறது.

எந்த ஆற்றலிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம் என்பதும் விடையை மாற்றும். அடிப்படைத் துகள்களில் மிகக் கனமான டாப் குவார்க்கின் ஜோடியான ஸ்டாப், ஹிக்ஸ் நிறைவர்க்கத்தில் ஏற்படுத்தும் திருத்தம் ஸ்டாப் நிறையின் வர்க்கத்தோடு ஒரு மடக்கையையும் (தொடக்க ஆற்றலுக்கும் ஸ்டாப் நிறைக்குமான விகிதத்தின் இயல் லாகரிதம்) சுமந்து வரும். சூப்பர்சிமெட்ரி உடைந்ததன் விளைவு 10-ன் 16-ஆம் அடுக்கு ஜிஇவி ஆற்றலில் நம் துகள்களுக்கு வந்து சேர்கிறது என்றால், 1,000 ஜிஇவி ஸ்டாப்புக்கு அந்த மடக்கை சுமார் 30. அதுவே 1,00,000 ஜிஇவியில் வந்தால் 4.6 தான். ஸ்டாப் அதேதான், ஆனால் ஃபைன் டியூனிங் ஆறரை மடங்கு வேறுபடுகிறது. கட்டுரையில் இந்த ஆற்றல் எங்குமே குறிப்பிடப்படவில்லை.

இதனால் ஃபைன் டியூனிங் வெறும் ரசனைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. குவார்க்குகளால் ஆன பையான் என்ற துகளை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டமுள்ள பையானின் நிறை 139.6 எம்இவி (ஜிஇவியில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மின்னூட்டமற்றதன் நிறை 135.0. மின்காந்தத் திருத்தத்தால் வரும் இந்தச் சிறு வித்தியாசம் கைமீறாமல் இருக்க வேண்டுமானால், 850 எம்இவிக்குள் புதிதாக ஏதாவது வந்தாக வேண்டும் என்று இதே வகைக் கணக்கு சொல்லும். ரோ மேசான் என்ற துகள் சுமார் 775-ல் இருக்கிறது. கச்சிதமான விடை! ஆனால் இதே தர்க்கத்தை வெற்றிட ஆற்றலுக்கு (வெறும் வெளிக்கே உள்ள ஆற்றல்) பொருத்தினால், 0.1 மில்லிமீட்டர் வாக்கில் ஈர்ப்புவிசை மாறத் தொடங்கியிருக்க வேண்டும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் முறுக்குத் தராசு கொண்டு 52 மைக்ரான் (0.052 மில்லிமீட்டர்) வரை அளந்து பார்த்தார்கள். நியூட்டனின் விதி அப்படியே இருந்தது. ஓரிடத்தில் பலித்த வாதம் இன்னோரிடத்தில் கைவிட்டது. சூரியனும் சந்திரனும் வானில் ஏறக்குறைய ஒரே அளவாக, அரை டிகிரியாகத் தெரிவதற்குக் காரணம் தேடி யாரும் புதிய கோள் இயக்கவிதி எழுதுவதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சூப்பர்சிமெட்ரிக்கு உண்மையான நெருக்கடி வேறிடத்திலிருந்து வருகிறது. அதன் எளிய வடிவத்தில், திருத்தங்களைச் சேர்க்காமல் ஹிக்ஸ் நிறை 91 ஜிஇவியைத் தாண்டாது. 2012-ல் கிடைத்ததோ 125. மீதியை ஈடுகட்ட ஸ்டாப் கனமாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு ஸ்டாப்களும் வலுவாகக் கலக்க வேண்டும். ஜெனீவா அருகிலுள்ள எல்எச்சி துகள் மோதுவியின் நேரடித் தேடலிலும், வழக்கமான சிதைவு வழிகளில், சுமார் 1,200 ஜிஇவி வரை ஸ்டாப் தென்படவில்லை. கட்டுரையாளர் இவற்றை எழுதியிருந்தால் வாசகருக்குப் பயன்பட்டிருக்கும்.

சொல்லைப் பற்றியும் ஒரு குறை. ஃபைன் டியூனிங்கை 'துல்லிய வடிவமைப்பு' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். வடிவமைப்பு என்றதும் வடிவமைத்தவர் யார் என்ற கேள்வி வந்து ஒட்டிக்கொள்கிறது. அன்றைய கட்டுரையின் பிற்பாதி முழுக்க அந்தத் திசையிலேயே போய்விட்டது. 'நுண்பொருத்தம்' போதும். '99 சதவீத வாய்ப்பு' என்ற வரிக்கு மட்டுமாவது அடுத்த வாரம் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்