அம்மாவின் பித்தளைத் தகடு

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. உள்ளே அம்மாவின் நினைவுத் தகடு மட்டும்தான் இருந்தது. சுற்றியிருந்த காகிதத்தையெல்லாம் விரித்துப் பார்த்தேன், ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று. சரி, வேலை இருந்திருக்கும். எழுத்தை நல்ல ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். கண்ணை மூடித் தடவினாலும் அம்மா பெயர் விரலில் தெரிகிறது. பெர்த்தில் இருந்துகொண்டு தமிழிலேயே வெட்ட வைத்திருக்கிறாயே, அதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்.

உன் வீட்டுத் தோட்டத்து பெஞ்சிலும் ஒன்று பதிக்கப் போகிறாயாமே, தங்கச்சி சொன்னாள். உன் வாயால் கேட்டிருக்கலாம். இரும்பு ஸ்க்ரூ மட்டும் போடாதே. நான் அவசரத்தில் டின்னில் கிடந்ததைப் போட்டேன். இங்கே பினாங்கில், நம் ஜெலுத்தோங் கடல்காற்று உனக்குத் தெரியும். பித்தளையோடு இரும்பைச் சேர்த்து ஈரமும் பட்டால் இரும்புதான் முதலில் அரிக்கும். மூன்றே வாரத்தில் துரு வழிந்து அம்மா பெயர்மேல் கோடு இழுத்துவிட்டது. கழற்றினால் தேக்கில் நாலு கறுப்பு வட்டம்.

பித்தளை ஸ்க்ரூவே வாங்கு. அது மென்மையான உலோகம், தேக்கில் நேராக ஏற்றினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிடும். முதலில் அதைவிடச் சின்னதாகத் துளை போடு. அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஏற்றி எடுத்து வழி பண்ணிக்கொள். அப்புறம் பித்தளை ஸ்க்ரூவில் மெழுகு தடவிக் கையாலேயே முடுக்கு, மெஷின் வேண்டாம். தகட்டில் இருக்கிற ஓட்டை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இறுக்கினால் தகடு வளைந்துவிடும். பின்னால் சிலிக்கோன் தடவுவதானால் வினிகர் வாடை அடிக்கிறது வேண்டாம், பித்தளையை அரிக்கும். இறுக்காதே தம்பி, திரும்பவும் சொல்கிறேன்.

துருவைத் தேய்க்கும்போது தேதி வெட்டியிருந்த வரியில் கை நின்றுவிட்டது. அந்த வாரம் அம்மா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியட்டும் என்று உனக்குச் சொல்லாமல் வைத்தது நான். தங்கச்சியையும் சொல்லவிடவில்லை. காரியத்தன்று பெரியத்தை, "பெற்றவளைப் பார்க்கக்கூட வரவில்லையே" என்று உன்னைப் பேசினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பழியை உன் தலையிலேயே விட்டுவைத்தேன்.

போன ஞாயிறு பெரியத்தை வந்தாள். தகட்டைக் காட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கலக்கி வைத்த தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

ஸ்க்ரூ அங்கே கிடைக்கவில்லை என்றால் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன். ராத்திரி எந்நேரமானாலும் போன் எடுப்பேன்.

அப்பா