சைலன்சரைக் கட்டுக்கம்பியால் கட்டச் சொல்லும் லாரி முதலாளிமார்களுக்கு

முதலாளிமார்களுக்கு வணக்கம்.

நாமக்கல்லில் 22 வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறேன். நான் வண்டி ஓட்டிய முதலாளிகளில் நல்லவர்கள்தான் அதிகம். என் மகள் கல்யாணத்துக்கு வந்து, கேட்காமலே மொய் எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் "சைலன்சர் போச்சுங்க" என்று போனில் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் ஒரே குரல் வந்துவிடுகிறது. "கட்டுக்கம்பி போட்டு ஓட்டிக்கப்பா, அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்." பிரேக் என்றால் பதறுகிறீர்கள். டயர் என்றால் அடுத்த நிமிடம் பணம் அனுப்புகிறீர்கள். புகைக்குழாய் என்றால் வெறும் சத்தம்தானே என்று விட்டுவிடுகிறீர்கள்.

போன வருடம், புகைக்குழாயின் நடுவில் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்சிபிள் பைப் பிய்ந்துபோன வண்டியை அப்படித்தான் ஓட்டினேன். கிளீனர் பையன் பழைய ஆயில் டின்னை வெட்டி, குழாயைச் சுற்றி, இரண்டு கம்பியால் முறுக்கினான். அறுபது கிலோமீட்டர் தாங்கியது. அப்புறம் டின் எங்கோ விழுந்துவிட்டது, கம்பி மட்டும் ரோட்டில் இழுபட்டு வந்தது. வாகனத் தணிக்கையில் கையைக் காட்டினார்கள். நான் தெம்பாகப் புகைச் சான்றிதழை நீட்டினேன், தேதியும் சரியாக இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பின்னாடி குழாய்க்குள்ள கருவியை விட்டு எடுத்த அளவுப்பா. நடுவுல போற புகைக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?" என்றார். கோபம் வந்தாலும் பதில் வரவில்லை. அவர் கேட்டது சரிதான். குழாய் பாதியிலேயே ஓட்டையாகிவிட்டால், வால் முனையில் அளப்பது பாதிப் புகையைத்தான்.

வழக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி. சாலைப் பாதுகாப்பு, சத்தம், காற்று மாசு ஆகியவற்றுக்கு விதித்த அளவை வண்டி மீறினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே லைசென்சுக்கு 3 மாதத் தகுதி நீக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 206(4)-ன்படி லைசென்சை அங்கேயே வாங்கி, லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்பிவிடலாம். என்னுடையதும் அப்படித்தான் போனது. அபராதத்தை முதலாளி கட்டிவிட்டார், நியாயமான மனுஷன். அந்த மூன்று மாதமும் நான் ஒரு தேங்காய் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அதை அவரால் கட்ட முடியாதே.

ஆனால் 190(2) யாரைப் பிடிக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவன் மட்டுமில்லை, ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்று மூன்று பேரைச் சொல்கிறது. "அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்" என்பதற்குச் சட்டத்தின் பாஷையில் இதுதான் பெயர். 190(1) இன்னும் கிட்டே வருகிறது. ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலும், வண்டியை ரோட்டில் விட்டால் 1,500 ரூபாய் வரை அபராதம். அதில் விபத்தும் ஆகிவிட்டால் சிறை வரை போகும். நான் போன் பண்ணிச் சொன்ன நிமிடத்திலிருந்து உங்களுக்கும் தெரியும் என்றுதானே அர்த்தம்?

மத்திய மோட்டார் வாகன விதிகளில், 120-வது விதி எல்லா வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. 112-வது விதி, புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக்கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும் என்கிறது. நம் ஊரில் ஜனம் நடப்பதும் பஸ்ஸுக்கு நிற்பதும் இடப்பக்கம். கேபினுக்கு அடியில் ஓட்டை விழுந்த குழாய் இந்த விதியை எப்படி மதிக்கும்?

சட்டத்தை விடுங்கள், தொப்பூரைச் சொல்கிறேன். சில வருடம் முன்னால், வேறொரு வண்டி. ஓசூர் பக்கம் இரும்பு ஏற்றி மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில், அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட் போல்ட் உடைந்து, இடையில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் எரிந்திருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 'டிக் டிக்' என்று சத்தம், சூடானதும் குறைந்துவிடும். அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டேன். பிடிக்கவில்லை. அது வேலை செய்வதே புகையை உள்ளே அடைத்து, அந்த அழுத்தத்தில் இன்ஜினை இழுத்துப் பிடித்துத்தான். புகையை அடைக்கும் வால்வுக்கு முன்னாலேயே கேஸ்கெட் வழியாகப் புகை பீறிட்டால் அழுத்தம் எங்கே நிற்கும்? மிச்சம் இருந்தது கால் பிரேக் ஒன்று. கணவாய் முழுக்க அதையே மிதித்தால் டிரம் சூடேறி அதுவும் கைவிட்டுவிடும். உச்சியிலேயே இதைப் புரிந்துகொண்டதால் கியரை இறக்கி, பின்னால் வந்தவர்கள் ஹாரனில் திட்டத் திட்ட, நடக்கிற வேகத்தில் வந்து சேர்ந்தேன். சேலத்தில் கேபினைத் தூக்கிப் பார்த்தபோது அடித்தகடு முழுக்கக் கரி. கியர் லிவர் ரப்பரைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரிக் கருவளையம். லேத்துக்காரர் உடைந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, ஸ்பேனரால் மெதுவாகத் திருகி வெளியே எடுத்தார். அரை நாள் வேலை. அதற்காகத்தான் மூன்று மாதம் "பாத்துக்கலாம்" என்று ஓட்டியிருந்தோம்.

அந்தக் கருவளையம் வழியாக வந்ததைத்தான் அத்தனை நாளும் மூச்சாக இழுத்தேன். விடிகாலையில் மூக்கைச் சிந்தினால் துண்டு கறுப்பாகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. இனி இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். நல்ல விஷயம், நாங்கள் பல வருடம் கேட்டதுதான். ஆனால் ஏ.சி. ஓட இன்ஜின் ஓட வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவோம். அந்த நேரத்தில் அடியில் ஓட்டை இருந்தால்? 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது.

பி.எஸ்.6 என்ற புதிய புகை அளவு விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவத்தின் செலவு மிச்சம் என்று, சென்சாரை ஏமாற்றும் சின்ன டப்பாவை மாட்டி ஓட்டச் சொல்கிறீர்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182A(4)-ல் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் ஓட்டுநரின் பெயரே இல்லை, உரிமையாளர் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், நடை முடிந்ததும் வண்டியில் என்ன பழுது என்று ஓட்டுநர் எழுதட்டும். பக்கத்தில் நீங்கள் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். போன மாதம் முதல் நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். என் இப்போதைய முதலாளி முதல் தடவை படித்துவிட்டு, "என்னப்பா, என் மேலயே கேஸ் எழுதறியா?" என்று சிரித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வண்டி பட்டறைக்குப் போனது.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் தூங்கி எழும் ஓட்டுநர்களில் ஒருவன்,
நாமக்கல்.