அப்பாவை மறுபடி கடலில் ஏற்றியவர்களுக்கு

கடந்த சனிக்கிழமை சிட்னிக்கு வடக்கே, கொவன் க்ரீக் என்ற கடற்கழியில் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். அன்றைக்கே நன்றி சொன்னேன்தான். ஆனால் அப்பா இன்னும் அந்த நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். வாயால் சொன்னது காணாது என்று பட்டது.

அப்பா வல்வெட்டித்துறைக்காரர், 78 வயது. இங்கே வந்த நாள்முதல் கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. இந்த முழங்காலோடு படகில் ஏறமாட்டார் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். பொபின் ஹெட் படகுத்துறையில் நின்ற இரண்டு தம்பிமார்தான் அதை மாற்றினார்கள். ஒருவர் படகைத் துறையோடு அணைத்துப் பிடிக்க, மற்றவர் அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டு, படி படியாக ஏற்றினார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள், ஆனாலும் அவசரப்படுத்தவில்லை. உங்களுக்கு முதல் நன்றி.

லீவு போட்டு வந்து படகை ஓட்டிய நண்பனே, அப்பாவைப் படகின் முன்புறம், அணியத்தில் உட்காரவிட்டு, அவர் கை காட்டிய பக்கமெல்லாம் திருப்பினாயே, அதை மறக்கமாட்டேன். இரண்டு பக்கமும் குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவின் மணற்பாறைகள், நீர்மட்டத்தில் சிப்பி அப்பிய கோடு. அப்பா பேசவே இல்லை.

ரெஃபியூஜ் பே குடாவுக்குள் போனபோது படகு கட்டும் மிதவைகளை எல்லாம் வேறு படகுகள் பிடித்திருந்தன. நங்கூரம்தான் போட வேண்டும். ஆழம் எட்டு மீட்டர். நாங்கள் விட்டதோ இருபது மீட்டர் சங்கிலி. சிறிது நேரத்தில் படகு நகர்வதை அப்பாதான் கண்டார். கரையில் ஒரு மரத்தையும் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். "சங்கிலி காணாது, இன்னும் விடு" என்றார். அதே நேரம் பக்கத்துப் படகிலிருந்த வயதான தம்பதியும் அதையே கத்திச் சொன்னார்கள். பிறகு தங்கள் சிறு படகில் வந்து, நங்கூரத்தைத் தூக்கித் திரும்பப் போடும்வரை கூடவே நின்றார்கள். மேலே வந்த நங்கூரத்தில் கரிய சேறு. அப்பா ஒரு விரலால் தொட்டு, மணந்து பார்த்து, "நல்ல சேறு, பிடிக்கும்" என்றார். நாற்பது மீட்டர் விட்டோம். பிடித்தது.

அப்புறம் தேநீர். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்த கதையை அப்பா சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். பதிலுக்கு அந்தப் பெரியவர் அருவி விழும் கரையைக் காட்டினார். அங்கே முகாமிட்டுப் பயிற்சி எடுத்தவர்கள்தான் 1943 செப்டெம்பரில் கிரெய்ட் என்ற சிறு கப்பலில் போய், தோணிகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து ஜப்பானியக் கப்பல்களுக்கு வெடி வைத்தார்களாம். இரண்டு கிழவர்களும் கைகளாலேயே தோணி வலித்துக் காட்டிக்கொண்டார்கள். அம்மா, ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

மரைன் ரெஸ்கியூ என்ற கடல் மீட்புத் தொண்டர்களுக்கும் ஒரு சொல். காலையில் எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று படகின் வானொலியில் உங்களிடம் பதிந்திருந்தோம். அப்பா எழும்ப மனமில்லாமல் இருந்ததால் பிந்திவிட்டது. நீங்களே கூப்பிட்டு, சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். சம்பளமில்லாமல் இதைச் செய்கிறீர்கள்.

இப்போது அப்பா பின்வளவில் உட்கார்ந்து பேரனுக்குக் கயிறு முடியப் பழக்குகிறார்.