சிகாகோவில் நாற்காலி தந்த அம்மாவுக்கு

சிகாகோவில், கிட்டார் கலைஞர் பட்டி கய்யின் லெஜண்ட்ஸ் என்ற இசை கிளப்பில், ஒரு ஜனவரி இரவு எங்களுக்கு இடம் கொடுத்த அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.

ஜனவரி வந்தால் பட்டி கய் தன் சொந்த கிளப்பிலேயே வாசிப்பார் என்பது ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை ரசிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் நெரியும். பனியில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிற்கத்தான் இடம் இருந்தது. முழங்கால் வலியோடு அப்பா சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, கோட்டு வைத்திருந்த நாற்காலியைக் காலி செய்து அவர் பக்கம் தள்ளினீர்கள். "ஓரமாகவே உட்காருங்கள், அவர் இந்த வழியாகத்தான் வருவார்" என்றீர்கள்.

சொன்னபடியே வந்தார். 1936இல் லூசியானாவில் பிறந்து, 1957இல் சிகாகோ வந்து, ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸோடு வாசித்த மனிதர்! புள்ளி போட்ட கிட்டாரை வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு சுரத்தை வளைத்து இழுத்துப் பிடித்தார். கம்பியை மேலே தள்ளிய விரல் அதிர்வது தெரிந்தது. அப்புறம் சட்டென்று வாசிப்பைத் தணித்தார், பக்கத்து மேசையில் ஐஸ் கட்டி உரசும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு. கமகம் கேட்டே வளர்ந்த அப்பா தன்னையறியாமல் "பலே!" என்றார். என்ன அர்த்தம் என்று கேட்காமலே நீங்களும் கை தட்டினீர்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் உங்களைப் பற்றித்தான் சொல்வார், அப்புறம்தான் கிட்டார். எங்கள் இருவர் சார்பிலும் மனமார்ந்த நன்றி அம்மா.