உயரமான பிள்ளையை ரிங்குக்கு அடியிலேயே நிறுத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிச் செய்திகளைத் தங்கள் நாளிதழில் ஒன்று விடாமல் படிப்பவள் நான். அந்த விளையாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. உயரம் 5 அடி 9 அங்குலம். போன வருடம் அவள் மளமளவென்று வளர்ந்ததும் அணியில் அவளை ரிங்குக்கு அருகிலேயே நின்று ஆடும் சென்டர் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பு பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிற ஓட்டத்தில் பக்கத்தில் இருப்பவளுக்குப் பாஸ் கொடுப்பதும்தான் அவள் ஆட்டம். இப்போது ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பிடிக்கிறாள், உடனே யாரிடமாவது கொடுத்துவிடுகிறாள். போன மாதம் ஒரு மேட்ச் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது பின்னால் இருந்து சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு மேட்ச் முழுசும் ஒம்பது தடவதான் பந்தத் தரையில தட்டினேன்." எண்ணிக்கொண்டே ஆடியிருக்கிறாள் பிள்ளை.

அது என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. 1990களில் நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரி அணியில் மூன்று வருடமும் நானே சென்டர். பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவர எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போனால், என்னைவிட மூன்று அங்குலம் உயரமான பெண் ஒருத்தி வந்திருந்தாள். "வேறு எந்த இடத்தில் ஆடுவாய்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்றோடு என் ஆட்டம் முடிந்தது.

நம் ஊர் உயரம் வெளியே போனால் உயரமே இல்லை. பக்கத்துக் கேரளத்தில் இருந்து வந்து இந்திய அணிக்குச் சென்டராக ஆடிய கீத்து அன்னா ஜோஸ் 6 அடிக்கு மேல். அந்த வரிசையில் என் மகள் நின்றால், வெளியே நின்று பந்தைக் கொண்டுவரும் கார்டு ஆடும் உயரம்தான். இங்கே சென்டர் வேலையை மட்டும் கற்றுக்கொண்டு போனால் அங்கே அவளுக்கு எந்த இடமும் இருக்காது.

அவளுடைய பயிற்சியாளர் நல்ல மனிதர். மாற்று இடம் ஒன்று பழக்க வேண்டும் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் சொல்வது பவர் ஃபார்வர்டு. அது சென்டருக்கு அடுத்த வீடு. அங்கேயும் பெரும்பாலும் இடித்துத் தள்ளி ரீபவுண்ட் எடுக்கும் வேலைதான். புதிதாக என்ன கற்பாள்? வேறு சிலர், பந்தை முன்னால் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக நேரே ஆக்குங்கள் என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்கு இடது கையால் பந்து தட்ட இன்னும் வரவில்லை. 8 விநாடிக்குள் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவர வேண்டும். எதிரணி இரண்டு பேராக வந்து அமுக்கினால் பந்து போய்விடும். நாலு பேர் முன்னால் மூன்று தடவை பந்தைப் பறிகொடுத்த பிள்ளை அதன் பிறகு பந்தையே கேட்காது. நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஸ்மால் ஃபார்வர்டுதான் அவளுக்குச் சரியான மாற்று இடம் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் ரிங்கைப் பார்த்து நிற்பாள். வழி கிடைத்தால் புகுந்து ரிங்குக்குப் பக்கத்தில் இருந்தே லே-அப் போடலாம், அடைத்தால் வெளியே நிற்பவளுக்குப் பாஸ் கொடுக்கலாம், தள்ளி நின்று எறியவும் பழகலாம். உயரமும் வீணாகாது, உள்ளே ஓடிப்போய் ரீபவுண்ட் எடுக்க யாரும் தடுக்கப்போவதில்லை. பயிற்சி நேரத்தில் மட்டும் பாயின்ட் கார்டாகப் பந்து கொண்டுவரட்டும். இடது கை தேறிய பிறகு மேட்சில் பார்க்கலாம்.

1980இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், காயம்பட்ட கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பதிலாக மேஜிக் ஜான்சன் சென்டராக இறங்கினார். பாயின்ட் கார்டு அவர், வயது 20. அன்று 42 புள்ளி எடுத்தார், கோப்பையும் லேக்கர்ஸ் அணிக்கு வந்தது. 6 அடி 9 அங்குலப் பையனைச் சிறு வயதிலேயே ரிங்குக்கு அடியில் கட்டிப்போடாததால்தான் அப்படி ஒரு ஆட்டக்காரர் கிடைத்தார்.

நம் மாவட்டத்தில் போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மூவர் கூடைப்பந்து அதிகம் நடத்துங்கள். அரைக் கோர்ட், ஒரு ரிங், ஒரு மாற்று ஆளோடு அணிக்கு நாலு பேர் போதும். 12 விநாடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பதால் சென்டரும் பந்து தட்ட வேண்டிவரும், கார்டும் ரீபவுண்டுக்குக் குதிக்க வேண்டிவரும். ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்ட ஆட்டம் அது. இரண்டு மழையும் பெய்கிற ஊர் நமது; பாசி பிடித்த சிமென்ட் தரையில் பாதியையாவது தேய்த்துக் காயவைத்து ஆடிவிடலாம்.

என் மகள் இப்போது தினமும் காலையில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் இடது கையால் மட்டும் 300 தட்டு தட்டுகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர், அதாவது 10 நிமிடம், அவளை ஸ்மால் ஃபார்வர்டாக விட்டுப் பார்க்கிறேன் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தக்கலை.